கிணற்றுப் பம்பி நிமிடத்துக்கு எவ்வளவு தண்ணீர் தருகிறது? எந்தக் கணக்கை வைத்து முடிவெடுப்பது?

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்குத் தண்ணீர் என்றால் கிணற்றுத் தண்ணீர்தான். வழுக்கையாற்றை ஆறு என்று சொன்னாலும் அது மாரியில் மட்டும் ஓடுவது. ஆகையால் வலிகாமத்துச் செம்மண்ணில் நிற்கும் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் மரக்கறியும், சுண்ணக்கற் பாறைக்குள் தேங்கிய மழைநீரை மேலே தூக்கித் தரும் ஒரு பம்பியையே நம்பியிருக்கின்றன. துலா மிதித்த காலத்தில் எத்தனை பட்டை தண்ணீர் இறைத்தோம் என்பது மிதித்தவரின் காலுக்கே தெரிந்திருந்தது. இயந்திரம் வந்த பின்னர், எத்தனை மணித்தியாலம் ஓடியது, எத்தனை லீற்றர் எண்ணெய் முடிந்தது என்ற கணக்கு மட்டும் மிஞ்சியது. எவ்வளவு தண்ணீர் வந்தது என்ற கணக்கு கைவிடப்பட்டது. 2022 ஓகஸ்ற் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு உயர்த்தப்பட்டபோது, அந்தக் கைவிட்ட கணக்கின் பெறுமதி பலருக்கும் உறைத்தது.

புதிய பம்பி வாங்க நினைப்பவருக்கும், மண்ணெண்ணெயிலிருந்து மின்சாரத்துக்கோ சூரியசக்திக்கோ மாற நினைப்பவருக்கும், பம்பியை அப்படியே வைத்துக்கொண்டு குழாயை மட்டும் பெருப்பிக்கலாமா என்று யோசிப்பவருக்கும் தேவைப்படும் முதல் எண் பாய்ச்சல் வீதம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் என்பதாகும். அதை அறிவதற்கு வழிகள் பல உள்ளன. ஆனால் ஒரே கிணற்றில், ஒரே பம்பியில், அவை வெவ்வேறு விடைகளைத் தரக்கூடியவை. எந்த வழி எந்த முடிவுக்குப் பொருந்தும் என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பதே இங்கே நோக்கம்.

ஒப்பீடு வெறும் பேச்சாகப் போய்விடாமல் இருக்க, ஒரு மாதிரிக் கிணற்றை வைத்துக்கொள்வோம். கோடையில் நிலமட்டத்திலிருந்து 5 மீற்றர் ஆழத்தில் தண்ணீர் நிற்கிறது; இறைக்கும்போது இன்னும் ஒரு மீற்றர் இறங்குகிறது. நிலத்தில் வைத்த 2 அங்குலப் பம்பியிலிருந்து 60 மீற்றர் நீளமான 2 அங்குலக் குழாய், ஒன்றரை மீற்றர் உயரமான மேட்டுப் பக்கத்து வாய்க்காலில் தண்ணீரை விடுகிறது. ஆக, தண்ணீர் ஏற வேண்டிய உயரம் 7.5 மீற்றர். பம்பியின் தகட்டில் அதிகூடிய பாய்ச்சல் நிமிடத்துக்கு 600 லீற்றர் எனவும், அதிகூடிய உயரம் 32 மீற்றர் எனவும் பொறிக்கப்பட்டிருக்கிறது. சந்தையில் கிடைக்கும் 2 அங்குல இயந்திரங்களில் இவை வழக்கமாகக் காணப்படும் அளவுகள்தாம்.

தகட்டை வாசித்தல்

இது செலவில்லாதது, ஒரு நிமிடமும் தேவைப்படாதது. ஆனால் முடிவெடுப்பதற்கு மிகவும் பலவீனமானது. தகட்டில் உள்ள இரண்டு எண்களும் பொய்யானவை அல்ல. அவை ஒருபோதும் சேர்ந்து நிகழாதவை என்பதுதான் சிக்கல். 600 லீற்றர் என்பது தண்ணீரை உயர்த்த வேண்டிய தேவையே இல்லாதபோது கிடைக்கும் பாய்ச்சல். 32 மீற்றர் என்பது தண்ணீர் அந்த உயரம் வரை ஏறி, அதற்குமேல் ஒரு சொட்டும் வெளிவராமல் நிற்கும் நிலை. உண்மையான கிணறு இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. எங்கே என்பதைத் தகடு சொல்வதில்லை. கடையில் இரண்டு பம்பிகளைப் பக்கத்தில் வைத்துத் தகட்டு எண்ணை மட்டும் பார்த்துத் தெரிவு செய்பவர், தம் கிணற்றில் ஒருபோதும் நடக்காத ஒரு போட்டியின் முடிவை நம்பிப் பணம் கொடுக்கிறார்.

தகட்டைச் சரிபார்க்க ஒரு சிறு வழி உண்டு. ஒரு குதிரைவலு என்பது ஏறத்தாழ 0.75 கிலோவாற்று. இழப்பே இல்லாத பம்பியாக இருந்தாலும், அந்த வலுவைக் கொண்டு 30 மீற்றர் உயரத்துக்கு நிமிடத்துக்கு 152 லீற்றருக்கு மேல் ஏற்ற முடியாது. நடைமுறையில் சிறிய பம்பியும் மோட்டரும் சேர்ந்து, எடுக்கும் மின்வலுவில் பாதியைக்கூடத் தண்ணீருக்குக் கொடுப்பது அரிது. ஆகவே ஒரு குதிரைவலு மோட்டர் 30 மீற்றருக்கு 300 லீற்றர் தரும் என்று எவராவது சொன்னால், தகட்டின் இரு முனை எண்களையும் ஒன்றாக்கிச் சொல்கிறார் என்று விளங்கிக்கொள்ளலாம். வலுக் கணக்கால் பாய்ச்சலைச் சரியாக அறிய முடியாது. ஆனால் நடக்கவே முடியாததைக் கழித்துவிட அது போதும்.

பரலும் கடிகாரமும்

இப்போது கையில் உள்ள பம்பி என்ன தருகிறது என்று அறிய விரும்புபவருக்கு இதைவிட நேர்மையான வழி இல்லை என்பது என் கருத்து. தெரிந்த கனவளவுள்ள ஒரு கொள்கலனை நிரப்பி, எடுத்த நேரத்தால் வகுப்பதுதான் முழுக் கணக்கும். இருந்தாலும் இதைச் செய்யும் விதத்தில்தான் விடையின் தரம் இருக்கிறது.

முதலாவது, கொள்கலனின் அளவு. 20 லீற்றர் வாளியை 2 அங்குலக் குழாயின் கீழ் பிடித்தால் அது மூன்று செக்கன் அளவில் நிரம்பிவிடும். கைப்பேசியின் கடிகாரத்தை அழுத்துவதில் அரைச் செக்கன் பிந்தினால் விடையில் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் பிழை வந்துவிடும். நீல நிறப் பெரிய பிளாஸ்ரிக் பரலில் இது வேறு கதை. நிமிடத்துக்கு 380 லீற்றர் வரும் குழாய் 200 லீற்றரை நிரப்ப ஏறத்தாழ 32 செக்கன் எடுக்கும்; ஒரு முழுச் செக்கன் பிழைத்தாலும் விடை நூற்றுக்கு மூன்று அளவில்தான் விலகும். ஆனால் பரலை விளிம்பு வரை நிரப்பினால் 200ஐத் தாண்டும் என்பதால், அளவு தெரிந்த 20 லீற்றர் கானால் பத்துத் தரம் ஊற்றி, தண்ணீர் நிற்கும் மட்டத்தில் உட்புறமாக ஒரு கோடு கீறிவிட வேண்டும். அதன் பின் அந்தக் கோடுதான் அளவு, விளிம்பு அல்ல.

இரண்டாவது, தொடங்கும் முறை. இயந்திரத்தை ஸ்ரார்ட் செய்தவுடன் அளக்கக் கூடாது. கிணற்றின் மட்டம் இறங்கி ஒரு நிலைக்கு வரும்வரை, குறைந்தது அரை மணித்தியாலமாவது, தண்ணீரை வாய்க்காலிலேயே ஓடவிட வேண்டும். பின்னர் ஒருவர் குழாய் முனையைப் பிடித்து, தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைப் பரலுக்குள் திருப்ப வேண்டும். அதே கணத்தில் மற்றவர் கடிகாரத்தை அழுத்த வேண்டும். முனையைப் பரலின் உட்சுவரில் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் தெறிப்பும் நுரையும் குறையும். நேர் நடுவே விட்டால் மட்டம் கொந்தளித்து, கோட்டைத் தொட்டதா இல்லையா என்று சொல்ல முடியாமல் போகும். நிரம்பிய பரல் 200 கிலோவுக்கு மேல் நிறை என்பதால் அதைச் சரித்து ஊற்ற நினைக்காமல், அடியில் துளையிட்டு அடைப்பு வைத்துக்கொள்வது நல்லது. மூன்று தரம் அளந்து, மூன்றும் கிட்டத்தட்ட ஒத்துவந்தால் சராசரியை எடுக்கலாம்.

கிணற்றடியில் சீமெந்துத் தொட்டி உள்ளவர்களுக்குப் பரலே தேவையில்லை. இரண்டு மீற்றர் நீளமும் ஒன்றரை மீற்றர் அகலமும் உள்ள தொட்டியில் மட்டம் 30 சென்ரிமீற்றர் உயர்ந்தால் 900 லீற்றர் சேர்ந்திருக்கிறது. அதற்கு 142 செக்கன் சென்றிருந்தால் நிமிடத்துக்கு 380 லீற்றர். நேரம் நீளமாக இருப்பதால் பிழை இன்னும் குறையும். தொட்டியின் அடித்தளம் சரிந்திருந்தாலும் பரவாயில்லை. அடி முழுவதும் மூடப்பட்ட பின்னர் உள்ள மட்டத்திலிருந்து அளக்கத் தொடங்கினால் போதும்.

ஆனால் எந்த இடத்தில் அளப்பது என்பதில்தான் பெரிய வேறுபாடு ஒளிந்திருக்கிறது. எமது மாதிரிக் கிணற்றில் நீளக் குழாயைக் கழற்றிவிட்டு, பம்பியின் வாயிலேயே அளந்தால் 500 லீற்றருக்குச் சற்று மேலே காட்டும். அதே பம்பியை, அதே வேகத்தில், 60 மீற்றர் குழாயின் அந்தலையில் அளந்தால் 380தான் வரும். இரண்டும் உண்மையான அளவுகள். இடையில் காணாமற்போன 120 லீற்றருக்கும் மேற்பட்டது குழாயின் உராய்வுக்கும், மேட்டுப் பக்கத்தின் சிறிய ஏற்றத்துக்கும் கொடுத்த விலை. பயிருக்குக் கிடைப்பது அந்தலையில் விழும் தண்ணீர் என்பதால், பாத்திக் கணக்கு எல்லாம் அங்கே அளந்த எண்ணை வைத்தே போட வேண்டும். கிணற்றடியில் தொட்டி இருக்கிறது என்பதற்காக அங்கே அளந்துவிட்டு, தோட்டத்தின் மறுகோடியில் அந்தத் தண்ணீரை எதிர்பார்ப்பது நடைமுறையில் அடிக்கடி காணப்படும் குழப்பம். எனினும் இரு இடங்களிலும் அளப்பது வீண்வேலை அன்று. இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளி பெரிதாக இருந்தால், குறை பம்பியில் இல்லை, குழாயில் இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

தண்ணீர் பாயும் தூரத்தை அளத்தல்

பரல் கிடைக்காத இடத்தில் அளவுநாடா மட்டும் போதும் என்பதே இந்த வழியின் கவர்ச்சி. கிடையாக வைத்த குழாயிலிருந்து வெளியேறும் தண்ணீர் 30 சென்ரிமீற்றர் கீழே விழ ஏறத்தாழ கால் செக்கன் எடுக்கும். அந்த நேரத்துக்குள் அது முன்னோக்கிச் செல்லும் தூரம் அதன் வேகத்தைச் சொல்லிவிடும். 2 அங்குல இரும்புக் குழாயின் உள்விட்டம் 52.5 மில்லிமீற்றரை ஒட்டியது என்று கொண்டால், முன்னோக்கிய தூரத்தின் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் நிமிடத்துக்கு ஐந்தேகால் லீற்றர் என்று கணக்கிடலாம். 72 சென்ரிமீற்றர் தூரம் பாய்ந்தால் ஏறத்தாழ 380 லீற்றர்.

நிபந்தனைகள்தான் இதற்குக் கால்விலங்கு. குழாய் முழுவதுமாக நிரம்பி ஓட வேண்டும். முனைப் பகுதி நேராகவும் கிடையாகவும் இருக்க வேண்டும். தூரத்தையும் வீழ்ச்சியையும் தண்ணீர்க் கற்றையின் ஒரே விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். மடித்துச் சுருட்டும் தட்டைக் குழாயின் முனையில் இதைச் செய்ய முடியாது. ஒரு மீற்றர் இரும்புக் குழாயையோ பிவிசி குழாயையோ முனையில் பொருத்திக்கொள்ள வேண்டும். உள்விட்டத்தை நேரில் அளக்காமல் 2 அங்குலம் என்று எண்ணிக்கொள்வதும் ஆபத்து, ஏனெனில் பாய்ச்சல் விட்டத்தின் வர்க்கத்தோடு மாறுவது. 2 மில்லிமீற்றர் பிழைத்தால் விடை நூற்றுக்கு எட்டு அளவில் பிழைக்கும். ஒரே குழாயில் சென்ற வருடத்துடன் இந்த வருடத்தை ஒப்பிடுவதற்கு இது நல்ல வழி. இரண்டு வெவ்வேறு பம்பிகளில் எதை வாங்குவது என்று தீர்மானிக்க இதை மட்டும் நம்பமாட்டேன்.

கிணற்றின் மட்டத்தைப் பார்த்துக் கணக்கிடுதல்

இது யாழ்ப்பாணத்தில் சில இடங்களில் மிக நன்றாகவும் சில இடங்களில் முற்றிலும் தவறாகவும் வேலை செய்யும் வழி. 4 மீற்றர் விட்டமான வட்டக் கிணற்றின் பரப்பளவு 12.57 சதுர மீற்றர். இறைக்கும்போது பத்து நிமிடத்தில் மட்டம் 13.5 சென்ரிமீற்றர் இறங்குகிறது என்றும், இயந்திரத்தை நிறுத்தியவுடன் அடுத்த பத்து நிமிடத்தில் 16.7 சென்ரிமீற்றர் ஏறுகிறது என்றும் வைத்துக்கொண்டால், ஏறியது ஊற்றுத் தந்த தண்ணீர், இறங்கியது ஊற்றுக்கு மேலதிகமாகப் பம்பி எடுத்த தண்ணீர். இரண்டையும் கூட்டிப் பரப்பளவால் பெருக்கினால் பத்து நிமிடத்துக்கு 3,800 லீற்றர், அதாவது நிமிடத்துக்கு 380. நிறுத்தியவுடனேயே அளக்க வேண்டும் என்பது முக்கியம். மட்டம் ஏற ஏற ஊற்றின் வேகம் குறைந்துவிடும்.

மணற்பாங்கான வடமராட்சிக் கரையோரத்திலும் பச்சிலைப்பள்ளிப் பக்கத்திலும், கட்டிய கிணற்றுக்குள் இந்தக் கணக்கு பொருந்திவரும். வலிகாமத்தில் நிலைமை வேறு. அங்கே சுண்ணக்கல் கரைந்து உண்டான குகைகளும் வெடிப்புகளும் கிணற்றோடு தொடர்புபட்டிருப்பதால், தண்ணீர் நிற்கும் உண்மையான பரப்பு கிணற்றின் வாயைவிட எத்தனையோ மடங்கு பெரிதாக இருக்கலாம். புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றைப் பற்றி வழங்கும் அடிகாணாக் கதைகள் எல்லாம் அந்தப் பாறையின் தன்மையிலிருந்து எழுந்தவைதாம். அத்தகைய கிணற்றில் நாடாவை விட்டுப் பார்த்தால் மட்டம் அசையாததுபோல் தோன்றும். அதை வைத்துப் பாய்ச்சலைக் கணக்கிட முடியாது.

ஆனாலும் இந்த அளவை எல்லோரும் ஒருமுறையாவது எடுக்க வேண்டும் என்று சொல்வேன், பம்பிக்காக அல்ல, கிணற்றுக்காக. எமது உதாரணத்தில் ஊற்று நிமிடத்துக்கு 210 லீற்றரே தருகிறது. இதில் இன்னும் பெரிய பம்பியை வாங்கி வைப்பதால் தண்ணீர் கூடப் போவதில்லை; மட்டம் விரைவாக இறங்கி, உறிஞ்சும் உயரம் 7 மீற்றரைத் தாண்டியதும் பம்பி காற்றை இழுக்கத் தொடங்கும். வளிமண்டல அமுக்கம் கொள்கையளவில் 10 மீற்றர் வரை தண்ணீரைத் தூக்கினாலும், நடைமுறையில் 7 அல்லது 7.5 மீற்றருக்கு மேல் எந்த நிலமட்டப் பம்பியையும் நம்ப முடியாது. அதற்காக எண்ணெய் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுவது உயிருக்கே ஆபத்து. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு கிணற்றுக்குள்ளேயே தேங்கி நிற்கும். இன்னொன்றும் உண்டு: குடாநாட்டின் நன்னீர், அடியிலுள்ள கடல்நீரின்மேல் மிதந்து நிற்பது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது அடர்த்தி வேறுபாட்டிலிருந்து வரும் பழைய விதி. அதன் மறுபக்கம், மேலே சிறிது இறக்கி நீண்டகாலம் அப்படியே வைத்தால் உவர் பல மடங்கு மேலே ஏறும் என்பதே. கரையோரத்துக் கிணறுகளில் பாய்ச்சல் வீதத்தை அறிவது எண்ணெய்ச் செலவுக்காக மட்டும் என்று எண்ணக் கூடாது.

உயரத்தையும் உராய்வையும் கொண்டு கணக்கிடுதல்

இதுவரை சொன்னவை எல்லாம் கையில் இருக்கும் பம்பிக்கு உரியவை. இன்னும் வாங்காத பம்பியைப் பரலில் அளக்க முடியாது. அங்கே தாளும் பேனாவும்தான் வழி.

இணையத்தில் இதைத் தேடுபவருக்கு முதலில் அகப்படுவது பெரும்பாலும் வேறு வகைப் பம்பிக்குரிய சூத்திரம் என்பதை இங்கே சொல்லிவைக்க வேண்டும். உழவு இயந்திரத்தின் தூக்கியை இயக்கும் எண்ணெய்ப் பம்பி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குறித்த கனவளவைத் தள்ளுவது. ஒரு சுற்றுக்கு 16 கன சென்ரிமீற்றர் தள்ளும் பம்பி நிமிடத்துக்கு 1,500 தரம் சுழன்றால் 24 லீற்றர், உட்கசிவுக்கு நூற்றுக்குப் பத்தைக் கழித்தால் 21.6 லீற்றர். எதிர்ப்பு கூடினாலும் அந்தப் பாய்ச்சல் பெரிதாக மாறாது. கிணற்றடியில் உள்ள, சுழலும் சக்கரத்தால் தண்ணீரை வெளியே வீசும் மையநீக்கப் பம்பியோ எதிர்ப்பு கூடக்கூடப் பாய்ச்சலைக் குறைத்துக்கொண்டே போகும். சுற்றுக் கணக்கை இதற்குப் பொருத்த முடியாது.

மையநீக்கப் பம்பிக்கு, தயாரிப்பாளர் கைநூலில் தரும் வளைகோடு வேண்டும்: எந்த உயரத்துக்கு எவ்வளவு பாய்ச்சல் என்று அது காட்டும். வளைகோடு கிடைக்காவிட்டால், தகட்டின் இரு முனைகளையும் ஒரு பரவளையத்தால் இணைத்து அண்ணளவாக்கலாம். மறுபுறத்தில் கிணறும் குழாயும் கேட்கும் உயரத்தைக் கணக்கிட வேண்டும். 2 அங்குல மழமழப்பான குழாயில் நிமிடத்துக்கு 300 லீற்றர் ஓடும்போது ஒவ்வொரு 100 மீற்றர் நீளத்துக்கும் 10.6 மீற்றர் உயரத்துக்குச் சமமான இழப்பு உண்டாகும்; 400 லீற்றர் ஓடும்போது அது 18 மீற்றர்; 500 ஓடும்போது 27 மீற்றர். பாய்ச்சல் சிறிது கூடினால் இழப்பு மிக அதிகமாகக் கூடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எமது கிணற்றில் 380 லீற்றருக்கு, ஏற்றம் 7.5 மீற்றர், 60 மீற்றர் குழாயின் உராய்வு 9.8 மீற்றர், புட்வால்வுக்கும் (உறிஞ்சு குழாயின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் அடைப்பு) உறிஞ்சு குழாய்க்கும் முழங்கைகளுக்கும் 1.4 மீற்றர், ஆக மொத்தம் 18.7 மீற்றர். அண்ணளவான வளைகோட்டில் பம்பி 380 லீற்றரில் தரக்கூடிய உயரம் 19 மீற்றர். இரண்டும் ஏறத்தாழச் சந்திக்கும் இந்த இடமே பம்பி உண்மையில் இயங்கும் இடம்.

இந்தக் கணக்கின் பெறுமதி, கேள்வியை மாற்றிக் கேட்க விடுவதில் இருக்கிறது. பம்பியைத் தொடாமல் 60 மீற்றர் குழாயை மட்டும் 3 அங்குலமாக மாற்றினால் என்ன? 3 அங்குலக் குழாயில் இழப்பு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மீண்டும் கணக்கிட்டால் பாய்ச்சல் 470 லீற்றரை எட்டுகிறது. மணிக்கு ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் குடிக்கும் இயந்திரம் என்று வைத்து, லீற்றர் 340 ரூபா என்ற அந்த விலையில் பார்த்தால், ஆயிரம் லீற்றர் தண்ணீருக்கான செலவு 15 ரூபாவிலிருந்து 12 ரூபாவுக்கு இறங்கும். பாய்ச்சல் கூடும்போது எண்ணெயும் சற்றுக் கூடுதலாகவே முடியும் என்றாலும் மிச்சம் மிச்சம்தான். புதிய பம்பி வாங்கப் புறப்பட்டவர்களில் கணிசமானோருக்கு வேண்டியது பெரிய குழாய்தான் என்று நான் கருதுவதற்கு இந்தக் கணக்கே காரணம்.

எண்ணெயை மிச்சம் பிடிக்க இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்து ஓட்டுவோரும் இதே கணக்கைப் பார்க்க வேண்டும். வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் பம்பி தரக்கூடிய அதிகூடிய உயரம் 32 மீற்றரிலிருந்து 20.5 மீற்றராகிவிடும், ஆனால் கிணற்றின் ஆழம் குறைவதில்லை. விளைவாக, எமது கிணற்றில் பாய்ச்சல் 277 லீற்றருக்கு, அதாவது கால் பங்குக்கும் மேல், இறங்கும்.

கணக்கின் பலவீனம், அது புதிய பம்பியையும் சுத்தமான குழாயையும் கற்பனை செய்கிறது என்பதே. தேய்ந்த இம்பெலர் (பம்பிக்குள் சுழலும் சக்கரம்), கசியும் சீல், பாதி அடைபட்ட புட்வால்வு, எங்கள் கடினநீரால் உட்புறம் சுண்ணாம்பு படிந்த குழாய் எதுவும் அதற்குத் தெரியாது. அதனால்தான் அளவையும் கணக்கையும் எதிரெதிரே நிறுத்தாமல், முதலில் பழைய பம்பியைப் பரலால் அளந்து, அதே நிலைக்குக் கணக்கையும் போட்டுப் பார்க்குமாறு சொல்வேன். கணக்கு 380 என்று சொல்ல, பரல் 370 காட்டினால் கணக்கை நம்பிப் புதிய பம்பியைத் தெரிவு செய்யலாம். பரல் 250 காட்டினால், கடைக்குப் போகும் முன் புட்வால்வைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதையும் தேவையே தீர்மானிக்கட்டும். ஒரு பரப்புக் காணி ஏறத்தாழ 253 சதுர மீற்றர். 25 மில்லிமீற்றர் ஆழத்துக்குத் தண்ணீர் கொடுக்க 6,300 லீற்றர் வேண்டும். தகட்டை நம்பியவர் அதைப் பத்தரை நிமிடத்தில் முடியும் என்று எண்ணுவார். 380 லீற்றரில் அது பதினாறரை நிமிடம். நான்கு பரப்பு வெங்காயத்துக்கு இந்த வேறுபாடு ஓர் இறைப்பில் 25 நிமிடம் அளவில் வரும். பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுபவருக்குக் கொடுக்கும் கூலியிலும் அது தெரியும். பரலில் நூற்றுக்கு மூன்று, ஐந்து பிழைப்பது இங்கே ஒரு பொருட்டே அல்ல.

பாய்ச்சல்மானி எப்போது தேவை?

வாய்க்கால் முறையில் இறைக்கும் சிறு தோட்டத்துக்குப் பாய்ச்சல்மானி வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. உள்ளே சக்கரம் சுழலும் மானி மணலையும் சுண்ணாம்புப் படிவையும் விரும்பாது. குழாய்க்கு வெளியே பொருத்தும் மீயொலி மானி விலை கூடியது, அத்தோடு முன்னும் பின்னும் போதிய நேர்க்குழாய் இல்லாவிட்டால் அதுவும் பிழையாகவே காட்டும்.

தூவல் நீர்ப்பாசனத்தில் பரலின் நிலை சற்றுத் தடுமாறுகிறது, ஏனெனில் குழாயைத் திறந்துவிட்டு அளக்கும் பாய்ச்சலுக்கும், தூவிகள் அமுக்கத்தோடு இயங்கும்போது உள்ள பாய்ச்சலுக்கும் தொடர்பே இராது. அங்கேயும் மானிக்கு ஓட வேண்டியதில்லை. இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு தூவியின் வாயில் சிறு குழாயைச் செருகி வாளிக்குள் விட்டு, 20 லீற்றர் நிரம்ப 80 செக்கன் எடுத்தால் அது நிமிடத்துக்கு 15 லீற்றர்; அப்படிப் பன்னிரண்டு தூவிகள் இருந்தால் 180 லீற்றர். பம்பிக்குக் கிட்டவுள்ள ஒன்றையும் அந்தலையில் உள்ள ஒன்றையும் அளந்து சராசரி எடுத்தால் போதும்.

மானி உண்மையிலேயே வேலைக்கு உதவும் இடம் சூரியசக்திப் பம்பி. அதன் பாய்ச்சல் காலையில் ஒன்று, உச்சியில் ஒன்று, முகில் மூடினால் இன்னொன்று. நண்பகலில் பரலில் அளந்த எண்ணை எட்டு மணித்தியாலத்தால் பெருக்குபவர் ஒருநாளும் கிடைக்காத தண்ணீருக்குப் பாத்தி கட்டிவிடுவார். அங்கே வேண்டியது நாள் முழுவதும் சேர்ந்த மொத்த லீற்றர். பெரிய தொட்டி இருந்தால் அதன் மட்டத்தைக் காலையும் மாலையும் பார்த்தே இதை அறியலாம். தொட்டி இல்லாமல் நேரே பயிருக்கு விடுபவர், குழாயின் விட்டத்துக்கேற்ற மானியை, அதற்கு முன்னே ஒரு வடியோடும், குழாய் எப்போதும் நிரம்பி ஓடும் தாழ்ந்த பகுதியிலும் பொருத்தி, மாரி முடிந்த தையிலும் மட்டம் மிகத் தாழ்ந்த ஆவணி, புரட்டாதியிலும் ஒரு கிழமை தொடர்ந்து எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.